பிச்சிப்பூச் செலவு

பொன்னம்மையின் கொண்டையில் ஒரு முழம் பிச்சிப்பூ இருந்ததற்காக ஒரு சங்கத்துக் கமிட்டி ஒரு பகல் முழுக்கக் கூடிப் பேசியது என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் கூடினார்கள், பேசினார்கள், நடுவில் எல்லாருக்கும் காப்பியும் உளுந்துவடையும் வந்தது. அந்த வடைச் செலவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றங்கரைப் பக்கம் குடியேறியிருந்த நாஞ்சில்நாட்டு வேளாளர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. ஓடு போட்ட ஒரு ஹால், சமைக்க நாலு பெரிய வெண்கல உருளி, பந்திப்பாய், ஒரு தர்மநிதி. இவ்வளவுதான் சொத்து. நிதியிலிருந்து ஆதரவில்லாத விதவைகளுக்கு மாதம் பத்து ரூபாய் கொடுப்பார்கள். பழைய காரியதரிசி பாவப்பட்ட மனுஷன். கண்ணில் தண்ணீரோடு எவள் வந்து நின்றாலும் கொடுத்துவிடுவார், கேள்வி கேட்கமாட்டார். அவர் போய்ச் சேர்ந்ததும் புதுக் கமிட்டி வந்தது. தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது வாங்கினவன் புத்தி என்பார்கள். இங்கே கொடுக்கிறவர்களே வாங்குகிறவளின் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கிளம்பினார்கள்.

பொன்னம்மைக்கு அப்போது முப்பத்திரண்டு வயது இருக்கும். பிள்ளைகுட்டி இல்லை. புருஷன் சிவதாணு பினாங்கில் ஒரு செட்டியார் கடையில் கணக்கெழுதப் போனவன். சண்டை வரும்வரைக்கும் மணியார்டர் வந்தது. ஜப்பான்காரன் வந்த பிறகு ஒன்றுமில்லை. சண்டை முடிந்தது, சுதந்திரம் வந்தது, ராஜா போனார், திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு போய் அணாவும் வந்துவிட்டது. சிவதாணு மட்டும் வரவில்லை. வீட்டில் அவன் அம்மா சிவகாமியம்மாள், கண்ணில் திரை விழுந்து படுக்கையோடு படுக்கையாக இருந்தாள். அக்கிரகாரத்து வீடுகளுக்கு மாவு இடித்துக் கொடுத்துப் பொன்னம்மை சம்பாதிப்பது மரச்சீனிக் கிழங்குக்குத்தான் சரியாக இருக்கும். ரேஷன் அரிசி வாங்க, பழைய காரியதரிசி கேள்வி கேட்காமல் கொடுத்துவந்த அந்தப் பத்து ரூபாய் வேண்டும். அது நின்றால் அடுப்பும் நின்றுவிடும்.

புதுக் காரியதரிசி நீலகண்டபிள்ளை ஒரு சாயங்காலம் வந்து சேர்ந்தார். தாலுகா கச்சேரியில் குமஸ்தா. கெட்டவர் இல்லை, யார் சத்தமாகப் பேசினாலும் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார், அவ்வளவுதான்.

"வாருங்கோ அண்ணாச்சி, இரியுங்கோ" என்று பொன்னம்மை பெஞ்சைத் துடைத்துவிட்டாள். அவர் உட்காராமல் அவள் தலையைப் பார்த்தார். அன்று வெள்ளிக்கிழமை. பூ இருந்தது.

உள்ளேயிருந்து கிழவியின் குரல் வந்தது. "ஆருடீ வந்திருக்கா?"

"சங்கத்து அண்ணாச்சி, அத்தை."

"சங்கத்துக்காரனா? சிவதாணு வந்ததும் வாங்கின ரூபாயை எல்லாம் வட்டியோட திருப்பித் தந்திருவான்னு சொல்லு. நாங்க ஒண்ணும் பிச்சைக்காரங்க இல்லை."

நீலகண்டபிள்ளைக்குச் சங்கடமாகப் போயிற்று. கிணற்றடிக்கு வரச் சொல்லிக் கையைக் காட்டினார். அங்கே போய் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாள் எங்கேயோ பேச்சுவாக்கில், 'சங்கத்துப் பணத்துல வாராவாரம் பூ வாங்கி வைக்கா, கொடுத்து வச்சவ' என்று சொல்லப்போக, அது கமிட்டி வரைக்கும் போய்விட்டது.

"ஒரு முழம் பூ, அரையணா. அது சாரமில்லை, போகட்டும். ஆனா பூ வச்சா சுமங்கலியாக்கும். சுமங்கலிக்கு விதவைப் பணம் எதுக்குன்னு கேக்கான் வக்கீல் சாம்பசிவன். கேள்வி ஞாயமாத்தானே இருக்கு? ஒண்ணு பூவை விடு, இல்லேன்னா பணத்தை விடு. வாற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை கமிட்டியில வந்து உன் வாயால சொல்லணும்."

"என்னத்தைச் சொல்லணும் அண்ணாச்சி?"

"அவன் இருக்கானா இல்லையான்னு."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பொன்னம்மை கிணற்றடியிலேயே நின்றாள். எவ்வளவு லேசாகக் கேட்டுவிட்டுப் போகிறார் இந்த மனுஷன், கடையில் உளுந்து இருக்கிறதா இல்லையா என்று கேட்கிற மாதிரி!

அவளுக்கு விடை தெரியும். தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் தம்பானூர் ஸ்டேஷனில் பினாங்கிலிருந்து திரும்பி வந்த ஒருவனைப் பார்த்தாள், பறக்கை ஊர்க்காரன். சிவதாணுவைத் தெரியும் என்றான். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டுபோன கூட்டத்தில் சிவதாணுவும் போனான், அந்த முகாமில் காலரா வந்தது, யாரும் மிஞ்சவில்லை என்று கேள்வி, என்றான். கண்ணால் பார்த்தேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அன்று அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், இதுவரைக்கும் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. பூவை மட்டும் விடவில்லை. அது அவளுக்காக இல்லை, கிழவிக்காக.

கிழவிக்குக் கண்தான் போயிற்றே தவிர மூக்கு போகவில்லை. வெள்ளிக்கிழமை பிச்சி மணந்தால் மகன் இருக்கிறான். அவளுடைய கணக்கு அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்கப் பொன்னம்மைக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. உலக்கையைப் பிடித்தால் மாவு உரலுக்கு வெளியே சிந்தியது. குடத்தை எடுத்துக்கொண்டு போவாள், எதற்கு வந்தோம் என்று மறந்து வெறுங்குடத்தோடு திரும்புவாள். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்குத் தெரிந்ததுதானே? வாய் வலிக்கவா போகிறது? ஆனால் சொன்ன பிறகு பூ வைக்க முடியாது. பூ இல்லையென்றால் கிழவி என்ன ஆவாள்? சரி, சொல்லாமல் இருந்துவிட்டால் பத்து ரூபாய் போகும். அப்புறம் கிழவிக்கு என்னத்தைக் கரைத்து ஊற்றுவது, பிச்சி மணத்தையா?

அடுத்த வெள்ளிக்கிழமை, சரி, பார்த்துவிடலாம் என்று துணிந்தாள். பாலத்துப் பக்கம் பூ விற்கிற அம்மிணி, "எந்தா சேச்சி, பூ வேண்டே?" என்று கூப்பிட்டதைக் காதில் வாங்காத மாதிரி நடந்தாள். வீட்டுக்கு வந்து கஞ்சியைக் கொண்டுபோய்க் கிழவி முன்னால் வைத்தாள்.

கிழவி கஞ்சியைத் தொடவில்லை. மூக்கை உறிஞ்சினாள்.

"வெள்ளியாழ்ச்சதானே இண்ணைக்கு?"

"ஆமா அத்தை."

"பூ மணக்கல்லியே?"

"கிடைக்கல்லை அத்தை. தோவாளையிலேருந்து பூ வாற பஸ் வரல்லையாம்."

"பொய் சொல்லாதே." கிழவியின் குரல் நடுங்கியது. "காயிதம் வந்துதா? எங்கிட்ட மறைக்காதே. எம் பிள்ளைக்கு வல்லதும் ஆச்சா? சொல்லுடீ, சண்டாளி, சொல்லு!" சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். எலும்பில் எலும்பு மோதுகிற சத்தம். பொன்னம்மை கையைப் பிடிக்கப் பிடிக்கத் திமிறினாள். மூச்சு முட்டி, வாய் கோணி, கண் செருகியது. பொன்னம்மை பதறிப்போய் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டு, "ஒண்ணுமில்லை அத்தை, ஒண்ணுமில்லை, இப்ப வந்திருதேன்" என்று தலைதெறிக்க ஓடினாள். அம்மிணி கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்ததை வாங்கித் தலையில் சொருகிக்கொண்டு மூச்சிரைக்க வந்து குனிந்தாள். கிழவி மோந்து பார்த்தாள். மெல்ல மெல்ல அடங்கினாள். அப்புறம், "கஞ்சியில உப்பில்லை" என்றாள்.

அன்றைக்குப் பொன்னம்மைக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. பூவும் வேண்டும், பத்து ரூபாயும் வேண்டும். எதை விட்டாலும் கிழவி போய்விடுவாள். அவளும் போய்விட்டால் பொன்னம்மைக்கு இந்த உலகத்தில் 'அத்தை' என்று கூப்பிடக்கூட ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்குப் போனாள். தலையில் பூ இல்லை, நெற்றியில் குங்குமம் இருந்தது. தலைவர் பகவதிப்பெருமாள்பிள்ளை நடுநாற்காலியில் இருந்தார். சாலைக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம். ஒரு பக்கம் நீலகண்டபிள்ளை, இன்னொரு பக்கம் வக்கீல் சாம்பசிவன். கோட்டுப் போட்டவன், வாதாட இன்னும் கேஸ் கிடைக்காத வக்கீல். கிடைக்காத கேஸையெல்லாம் சங்கத்தில் வாதாடித் தீர்ப்பான்.

"இனாமாக் கொடுக்கக் கொடுக்கச் சோம்பேறித்தனம்தான் வளரும்" என்று அவன் எடுத்த எடுப்பில் ஆரம்பித்தான். "இது உழைச்சுச் சம்பாதிச்சவங்க போட்ட நிதி. வாங்குறவங்க அதைப் பூவுக்கும் சினிமாவுக்கும் செலவழிச்சா, நாம கொடுக்கிறது அதிகம்னுதான் அர்த்தம். பத்து எதுக்கு? ஏழு போதாதா?"

"கும்பி கூழுக்கு அழுததாம், கொண்டை பூவுக்கு அழுததாம்" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள்.

பொன்னம்மைக்குக் காதெல்லாம் சுட்டது. "என் கும்பியும் அழல்லே, கொண்டையும் அழல்லே முதலாளி. படுத்திருக்கிற கிழவிதான் அழுகா. நீங்க யாராவது ஒருநாள் வந்து அந்த மாரடியைப் பாத்துட்டு ஏழா பத்தான்னு சொல்லுங்கோ."

நீலகண்டபிள்ளை தொண்டையைக் கனைத்தார். "அதெல்லாம் இருக்கட்டும் பொன்னம்மை. உள்ளதைச் சொல்லு. இருக்கானா, இல்லையா?"

அவள் வாயைத் திறந்தாள். தம்பானூரில் பார்த்த ஆளை, சயாமை, காலராவை எல்லாம் சொன்னாள். நாலு வருஷம் வயிற்றுக்குள் வைத்திருந்தது நாலு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது. கடைசியில், "இல்லை" என்றாள்.

அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த தலைவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே துடைத்தார், பாவனை இல்லை. "அடடா! நம்ம ஆளு ஒருத்தன், கண்காணாத காட்டுல செத்துக் கிடந்திருக்கான். ஒரு பிடி எள்ளும் தண்ணியும் வைக்கல்லையே! அவன் ஆத்மா அலைஞ்சிட்டுல்லா இருக்கும்? வே நீலகண்டன், முறையா எல்லாம் செஞ்சிரணும். பதினாறாம் நாள் அடியந்திரம் வச்சு எல்லாருக்கும் இலை போடணும். செலவு சங்கத்தோடது. நம்ம சமுதாயத்துல ஒருத்தன் அநாதையாப் போனான்னு பேரு வரப்படாது."

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்திருக்கவேண்டும். அரையணாப் பூவுக்குப் பல்லைக் கடித்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பருப்பு, அவியல், எரிசேரி சரி, புளிசேரி வேண்டாமா என்றார் ஒருவர். பாயசம் ஒன்றா இரண்டா என்று தர்க்கம் வந்தது. அடைப் பிரதமன் இல்லாமல் என்ன அடியந்திரம் என்று கேட்டது வேறு யாருமில்லை, சாம்பசிவன்தான். மெம்பர் எல்லாரையும் குடும்பத்தோடு அழைக்கவேண்டும், சமையல் வைப்புக்கு வடசேரியிலிருந்து ஆள் வரவேண்டும். எல்லாமாக நூற்றைம்பது ரூபாய் என்று முடிந்தது. ஒருவர் முகத்திலும் சுருக்கமில்லை.

பொன்னம்மை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நூற்றைம்பது ரூபாய்! ஒரு வருஷத்துக்கு மேல் உலை கொதிக்குமே!

"முதலாளி, எனக்கு அடியந்திரம் வேண்டாம். ஆத்துல எள்ளும் தண்ணியும் விட்டாப் போதும். அந்த ரூபாயை அரிசிக்குத் தந்திருங்கோ."

தலைவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, அதிர்ச்சிதான் இருந்தது. "என்ன பேச்சு பேசுகே? செத்தவனுக்குன்னு ஒதுக்கினதை எடுத்து இருக்கிறவங்க திங்கிறதா? உனக்கே நல்லாருக்கா?"

அதைத்தானே நீங்கள் இலை போட்டுச் செய்யப்போகிறீர்கள் என்று அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். பத்து ரூபாய் அந்த நாக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "அப்படீன்னா ஒண்ணே ஒண்ணு. அத்தைக்குத் தெரியப்படாது. தெரிஞ்சா அவ அன்னைக்கே போயிருவா. வீட்டுக்குள்ள நான் பூ வைப்பேன். அதை யாரும் கேக்கப்படாது."

சாம்பசிவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிரதமன் முடிவான சந்தோஷமோ என்னமோ, தலைவர் கையை உயர்த்தி அவனை அடக்கினார். "வீட்டுக்குள்ள என்னமும் செய்துக்கோ. வெளியில முறையா இரி." அப்படியாகப் பத்து ரூபாயும் நிலைத்தது, தீர்மானமும் ஆயிற்று.

நல்ல நாள் பார்த்துக் கரமனை ஆற்றங்கரையில் காரியம் நடந்தது. தர்ப்பைப் புல்லால் ஒரு உருவம் கட்டி, அதற்குச் சிவதாணு என்று பேர் சொல்லி, ஒன்றுவிட்ட தம்பி முறைக்காரன் ஒருவன் கொள்ளி வைத்தான். காய்ந்த புல், ஊதுவதற்குள் எரிந்து போயிற்று. பொன்னம்மை கல் மாதிரி நின்றாள். தெரிந்த சாவுதானே, இன்றைக்கு என்ன புதிதாக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினாறாம் நாள் ஹாலின் பின்னறையில் தாலியைக் கழற்றப் பெண்கள் கழுத்தில் கைவைத்தபோதுதான் தெரிந்தது, அவள் அதை ஒருநாளும் நம்பியிருக்கவில்லை என்று. "இருங்கோ, இருங்கோ, அந்த ஆளு கண்ணால பாக்கல்லை! அவன் பாக்கல்லைன்னுதான் சொன்னான்!" என்று கத்தினாள். கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். சொர்ணம்மாள்தான் அவளைக் கட்டிப் பிடித்து, "விடு மக்ளே, விட்டிரு, பந்திக்கு நேரமாச்சு" என்று விரல்களைப் பிரித்தாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

வெளியே மூன்று பந்தி நடந்தது. ஹாலே கமகமத்தது. "அடியந்திரம்னா இதாக்கும்" என்று ஏப்பம் விட்டார்கள். சாம்பசிவன் பிரதமனுக்கு மறுமுறை இலையைக் காட்டினான். தலைவர் இலைக்கு இலை வந்து, "வயிறு நிறைய உண்ணணும், போனவனுக்குத் திருப்தியாகணும்" என்று உபசரித்தார். நல்ல மனசுதான். யார் இல்லையென்றார்கள்?

பந்தி முடிந்ததும் சொர்ணம்மாள் வாழையிலையில் சோறும் கறிகளும் கட்டி, ஒரு தூக்குவாளியில் பிரதமனை ஊற்றிக் கொடுத்தாள். பொன்னம்மை நேரே வீட்டுக்குப் போகவில்லை. சொர்ணம்மாள் வீட்டில் வெள்ளைச் சேலையை அவிழ்த்துவிட்டுப் பழைய பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டாள். கிழவியின் கை தட்டுப்பட்டால் தெரிந்துவிடக்கூடாதே என்று கழுத்தில் தாலிக்குப் பதிலாக ஒரு சரட்டில் மஞ்சள் கிழங்குத் துண்டைக் கட்டிக்கொண்டாள். சொர்ணம்மாளிடம் முன்னமே வாங்கி வைக்கச் சொல்லியிருந்த பூவைத் தலையில் வைத்தாள். ஊரில் புருஷன் செத்தால் பூவை எடுப்பார்கள். இவள் புருஷனுக்கு அடியந்திரம் முடித்துவிட்டுப் பூ வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"எங்கடீ போனே? பொழுது சாயப்போகு" என்றாள் கிழவி.

"சங்க ஹால்ல ஒரு கல்யாணம் அத்தை. உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கேன்."

கிழவிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கல்யாணச் சாப்பாடு கண்டு எத்தனை காலம்! எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். பொன்னம்மை இலையை விரித்து, பருப்பைப் பிசைந்து கொடுத்தாள். கிழவி ஆவலோடு தின்றாள். அவியலைத் தொட்டு நாக்கைச் சப்பினாள். பிரதமனை இலையில் விட்டதும் கையால் வழித்து வழித்துக் குடித்தாள். தாடையெல்லாம் வழிந்தது.

"கொள்ளாம்டீ! ஆரு வைப்பு?"

"வடசேரிக்காரராம் அத்தை."

"பேரைக் கேட்டு வச்சுக்கோ. சிவதாணு வந்து எறங்கின உடனே இவனைத்தான் கூப்பிடணும். அந்த ஹால்லயே இலை போடணும். அந்தக் கமிட்டிக்காரங்க எல்லாரையும் ஒருத்தர் விடாம அழைக்கணும், கேட்டியா? இவ்வளவு நாளு நமக்குப் பத்துப் பத்தாத் தந்திருக்காங்க. எம் பிள்ளை பேரைச் சொல்லி அவங்களுக்கு ஒருநேரம் வயிறு நிறையச் சோறு போட்டாத்தான் எனக்கு மனசாறும்."

பொன்னம்மை கரண்டியை வாளியில் விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தாள்.

"என்னடீ பேசமாட்டேங்கே? போடுவோமா, மாட்டோமா?"

"போடுவோம் அத்தை."

"பின்னே! அவங்களும் அறியட்டும், நாம சும்மா வாங்கித் தின்னவங்க இல்லைன்னு" என்றாள் கிழவி. வழித்த இலையை மறுபடியும் முன்னால் நீட்டினாள். "இன்னும் ஒரு கரண்டி விடு."